எட்டாவது துண்டு

ஜூன் 3

சின்னவளுக்கு,

நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போனபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. கம்பெனியில் இருக்கும் ஒரே போன் முதலாளி மேஜையில் இருக்கிறது. அதில் பேசினால் பாதி அவர் காதுக்கும் மீதி ஆபீஸ் முழுக்கவும் போகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இருபத்தேழாம் நம்பர் படகு போய்விட்டது.

பல் டாக்டர் வாங்கினாரே, அது. சனிக்கிழமைதோறும் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து படகு வார்க்கும் அச்சுக்குள் எட்டிப் பார்ப்பார்களே, பிசின் நெடி தாங்காமல் மூன்று பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஆனாலும் கிளம்ப மனசில்லாமல் நிற்பார்களே, அவர்கள்தான். மே பதினெட்டாம் தேதி. பெரிய காற்றுகூட இல்லை என்கிறார்கள். அடியில் தொங்கும் ஈயக் கட்டி, எழுநூறு கிலோ, அப்படியே பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது. ஈயம் போனால் பாய்மரப் படகு நிற்குமா? கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது. டாக்டரும் அந்த அம்மாவும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மகள் மட்டும் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் தண்ணீரில் கிடந்திருக்கிறாள். பதினாலு வயசு. மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்துத் தூக்கினார்கள்.

கவிழ்ந்த படகை இழுத்துவந்து நம் பின் கொட்டகையில்தான் போட்டிருக்கிறார்கள். விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். ஈயத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எட்டில் ஐந்து, படகின் தரையிலிருந்து பெயர்ந்து கிடந்தன. உடையவில்லை. ஒட்டாத தபால்தலை மாதிரி சுத்தமாகக் கழன்றிருந்தன. பிசின் சரியில்லையா, ஒட்டியவர்கள் சரியில்லையா என்று அதிகாரி கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். ஒட்டியவர்கள் என்றால் யார்? என் பகுதிதானே.

அதிகாரிக்கு ஃபைபர் வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. நான்தான் பாடம் எடுத்தேன். படகின் உடம்பு காய்வதற்குள் மேலே உரிதுணியை ஒட்டி வைப்போம், மறுநாள் அதை உரித்தால் அடியில் சொரசொரப்பான தளம் கிடைக்கும், அதில்தான் சட்டம் பிடிக்கும், துணி உள்ளேயே தங்கிவிட்டால் சட்டம் துணியில்தான் ஒட்டும், படகில் ஒட்டாது என்றேன். "அப்ப துணி தங்கிருச்சான்னு எப்படித் தெரியும்?" என்றார். நல்ல கேள்விதான், பிசின் பட்டால் அந்தத் துணி கண்ணுக்கே தெரியாது. அதற்குத்தானே கொக்கி வைத்திருக்கிறோம் என்று காட்டினேன். எட்டு இடத்தில் உரித்த எட்டுத் துண்டையும் கொக்கியில் மாட்ட வேண்டும், நான் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி 'எட்டு' என்று குரல் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிசினே கலப்பார்கள் என்றேன். அன்றும் எண்ணினேன். என் கையால் எண்ணினேன். எட்டு இருந்தது.

அப்படியானால் தப்பு பிசினில்தான். ஒன்றரை வருஷத்துக்கு முந்தின அந்த டிசம்பர் குளிர், பிசின் கலந்தது தராசு அண்ணன், அவருக்குக் காய்ச்சல் வேறு. மனுஷன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாளிக்கு, பிசினை இறுக வைக்கிற ஹார்ட்னரை எடை போடாமலே ஊற்றினார். எனக்கு அப்படித்தான் நினைவு. அதைத்தான் சொன்னேன். நேற்று அவரைக் கூட்டிப்போய் உள்ளே வைத்துவிட்டார்கள்.

அன்றைய வருகைப் பட்டியலில் உன் பேரும் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டு உனக்கும் காகிதம் வரும். நான் சொன்னதையே நீயும் சொல். புதிதாக எதுவும் கற்பனை பண்ண வேண்டாம். காய்ச்சல், குளிர், எடை போடவில்லை, மூன்றே விஷயம்.

உன் வீட்டுக்காரர், அந்தப் படகுப் பாய் தைக்கிறவர், சௌக்கியம்தானே? குழந்தை பெண் என்று காதில் விழுந்தது.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பிறகு யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டேன், அப்புறம்தான் நமக்கு வேறு யாரும் இல்லையே என்று உறைத்தது. உள்ளே படித்தது அதைவிடப் பெரிசாக இருந்தது.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? யாரிடம் இருக்கிறாள்? அதை நீ எழுதவே இல்லை. சித்தி, அத்தை என்று யாராவது இருப்பார்கள் இல்லையா? எனக்கு அவள் முகம் நன்றாக நினைவிருக்கிறது. பல்லில் கம்பி போட்டிருந்தாள். அப்பாவே பல் டாக்டராக இருந்தால் தப்பிக்க முடியாது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

தராசு அண்ணன் எடை போடாமல் ஊற்றினார் என்று நான் எப்படி அக்கா சொல்வது? வீட்டில் டீக்குச் சர்க்கரைகூட நிறுத்துத்தான் போடுவார் என்று நாம்தானே அவருக்கு அந்தப் பேரே வைத்தோம். காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால் நான் அன்று பாதி நேரம் வெளியே இருந்தேன், உனக்கே தெரியும், அதற்குத்தானே நீ... சரி, அதை விடு. நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வராது.

பெயர்ந்த ஐந்து சட்டங்களில் ஆறாம் நம்பர் சட்டமும் இருந்ததா? தெரிந்துகொள்ளலாமென்றுதான் கேட்டேன்.

என்னைக் கூப்பிடவில்லை என்றால் நல்லது. பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆகிறது, பல் முளைக்கிற நேரம், கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இவர் இங்கே ஒரு கூடாரக் கம்பெனியில் கித்தான் தைக்கிறார். படகுப் பாய்க்கு இந்த ஊரில் வேலை இல்லை. சௌக்கியமாகத்தான் இருக்கிறார். உன்னை விசாரித்தார்.

சின்னவள்

*

ஜூன் 14

சின்னவளுக்கு,

ஆறாவது பெயர்ந்திருக்கிறது. ஆறாவதுதான் முதலில் விட்டிருக்கும் என்று அதிகாரியே சொல்கிறார், ஈயத்தின் பெரிய போல்ட்டு அதன் வழியாகத்தானே போகிறது. அது விட்டதும் பாரம் மற்றவற்றின் தலையில் விழுந்து ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கிறது. எதற்குக் கேட்டாய்? தெரிந்துகொள்ளலாமென்று கேட்கிற ஆளா நீ? பதினெட்டு மாதம் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்காதவள்.

பார்க்காததைச் சொல்ல வராதாமே. பெரிய நியாயவாதி. என் நிலைமை உனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பிசினைச் சுவாசித்திருக்கிறேன். என் கை இரண்டும் வெடித்து, வருஷம் முழுக்க எரிச்சலோடுதான் சாப்பிடுகிறேன். ஒரு படகு என் பகுதியிலிருந்து கோளாறோடு போனதில்லை. இப்போது ஒட்டியதில் தப்பு என்று ஆகிவிட்டால் கம்பி எண்ணப் போவது நான். எனக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கம்பெனியை மூடினால் அவர்கள் கதி?

நேற்று தராசு அண்ணன் மனைவி கேட்டுக்கு வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. நான் சாப்பாட்டுக்கு வெளியே போகும்வரை வெயிலில் நின்றிருக்கிறார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் அதெல்லாம் செய்யவில்லை. அண்ணனுக்கு நெஞ்சுவலி மாத்திரை உள்ளே கொடுக்க விடமாட்டேன் என்கிறார்களாம், டாக்டர் சீட்டு வேண்டுமாம், முதலாளியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். போகும்போது திரும்பி, "நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொன்னேன்.

முதலாளியிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். ஆகட்டும் என்றார். அவர் ஆகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பெண் அவள் பெரியப்பா வீட்டில் இருக்கிறாளாம். பேசுவதில்லையாம்.

கழுதை, அன்று உன்னை எல்லார் முன்னாலும் அறைந்தது தப்புதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே ஓடினால் எனக்குக் கோபம் வராதா? வாந்தி என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கல்யாணத்தையும் மறைத்தாய், வயிற்றில் இருப்பதையும் மறைத்தாய். உன்னை வளர்த்தவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. காகிதம் வந்தால் நான் சொன்னபடி எழுது.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அன்று ஆறாவது இடம் என் பொறுப்பு. துணியின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பிப் பிடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது, வெளியே ஓடினேன். திரும்பி வரும்போதுதான் நீ வாசலில் நின்று என்னை அறைந்தாய். இன்னொரு தரம் வெளியே போனால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்றாய். எல்லாரும் பிசின் தேய்க்கும் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இறங்கி ஏழாவதை உரித்தேன். ஆறாவதை முன்னாலேயே உரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாட்டும்போது கொக்கியில் ஏழுதான் இருந்தது. குப்பையோடு போயிருக்கும் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது அக்கா. குப்பைத் தொட்டியைக் கிளறினேன், அதற்குள் அதைக் கொட்டிவிட்டிருந்தார்கள். ஒன்று குறைகிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? அச்சை நிறுத்துவாய், எல்லாரும் முட்டி போட்டு விளக்கு வைத்து இஞ்ச் இஞ்சாகத் தடவ வேண்டும், ஒரு நாள் போகும், அவ்வளவும் என்னால் என்று நீ எல்லார் முன்னாலும் சொல்வாய். என் கன்னம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

புதுத் துணிச் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன். அது மிருதுவாக இருந்தது, உரித்த துணி விறைப்பாக இருக்கும், நீ தொட்டால் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் மிச்சப் பிசினைத் தடவி, ஹீட்டருக்குப் பக்கத்தில் காயவைத்து, அதற்குப் பிறகு மாட்டினேன். மறந்துபோனதையாவது மறதி என்று சொல்லலாம். இதற்கு என்ன பேர் சொல்வது? கால் மணி நேரம் நின்று காயவைத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம்.

நீ வந்து எண்ணினாய். எட்டு என்றாய். தராசு அண்ணன் பிசின் கலந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இரண்டாவது வாளியையும் எடை போட்டுத்தான் கலந்தார். பார்க்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய்.

அதற்கப்புறம் தினமும் அந்தப் படகுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொள்வேன். ஒரு சட்டம்தானே, மற்ற ஏழு தாங்கும் என்று கணக்குப் போடுவேன். உன் கோபத்துக்குப் பயந்து நான் ஊரை விட்டுப் போகவில்லை. அந்தப் படகு வெளியே இறங்குவதைப் பார்க்க முடியாமல்தான் போனேன்.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போ. தராசு அண்ணனை வெளியே விடச் சொல்.

சின்னவள்

*

ஜூலை 6

சின்னவளுக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. கம்பெனி கக்கூஸில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றபடி படித்தேன்.

உள்ளே ஜூன் 21 என்று தேதி போட்டிருக்கிறாய். உறையில் ஜூலை 1 என்று முத்திரை குத்தியிருக்கிறது. பத்து நாள் எங்கே வைத்திருந்தாய்?

தராசு அண்ணன் ஜூன் 29 காலையில் இறந்துவிட்டார். உள்ளேயே. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டார். இங்கே டீ வேளையில் சொன்னார்கள். கம்ப்ரசரைப் பத்து நிமிஷம் நிறுத்தினோம், அப்புறம் முதலாளி வந்து போடச் சொன்னார். நான் போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்தபின் பின் கொட்டகைக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆறாவது சட்டத்தைப் புரட்டிப் போட்டுக் கத்தி நுனியால் ஓரத்தைக் கிளறினேன். வந்தது. வாரக்கணக்கில் அதிகாரி கண்ணெதிரே கிடந்த துணி, அவருக்கு அது ஃபைபரின் பின்னல் மாதிரிதான் தெரிந்திருக்கிறது. ஒரே இழுப்பில் முழுசாக உரித்து எடுத்தேன். என் பகுதியில் கோளாறே வராது என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

அந்தத் துணியை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் கடிதத்தையும் போட்டுவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். பதினைந்தாம் தேதி விசாரணையை முடித்து எழுதப் போகிறார்கள். பிசின் கலந்ததில் கோளாறு, கலந்தவர் இறந்துவிட்டார், அவ்வளவுதான் எழுதுவார்கள். போனவரை இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. உன்னைச் செய்வார்கள். பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நீ உள்ளே போனால் யாருக்கு என்ன திரும்பி வரும்? டாக்டர் வருவாரா? தராசு அண்ணன் வருவாரா?

அவர் எடை போடாமல் ஊற்றியதை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒன்றைப் பார்த்ததாகத் தோன்றிவிட்டது, சொல்லச் சொல்ல அதுவே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்வதற்குக் காரணம், நீ மட்டும் பாவி இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். என் கை அன்று நீளாமல் இருந்திருந்தால் நீ ஓடி வந்து, ஒன்று குறையுதுக்கா என்று சொல்லியிருப்பாய். அதுவும் எனக்குத் தெரிகிறது. அவ்வளவையும் நானே சுமந்துகொள்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டு உன் குழந்தையைப் பார். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

இதைப் படித்ததும் கொளுத்திவிடு.

அக்கா

*

ஜூலை 11

அக்காவுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. பத்து நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டிருக்கிறாய். அலமாரியில், பாப்பாவின் துணிக்கு அடியில். தினமும் தபால்பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். எழுதிய அன்றே போட்டிருந்தால் இருபத்தைந்தாம் தேதி உன் கையில் இருந்திருக்கும். தராசு அண்ணன் சாவதற்கு நாலு நாள் முன்னாலேயே வெளியே வந்து, வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பார். டிசம்பரில் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் சொல்லலாம். இந்தப் பத்து நாளைத் தெரிந்தே செய்தேன்.

உன் கடிதத்தை நான் கொளுத்தவில்லை. நேற்று அதிகாரிக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு எழுதியதை அப்படியே திரும்ப எழுதினேன், பிசின் தடவிக் காயவைத்தது உட்பட. உன் கடிதத்தை அதில் வைக்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தராசு அண்ணன் நிறுத்துத்தான் கலந்தார், நான் பார்த்தேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நீ பார்க்கவில்லை என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதிகாரியிடம்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அண்ணன் மனைவியிடம் போய்ச் சொல். உன்னிடம்தானே கேட்டார்.

போனவரை யாரும் எதுவும் செய்ய முடியாது என்கிறாய். ஒரு குடும்பத்தைக் கொன்றவர் என்று அவர் பேரில் எழுதப் போகிறார்களே, அது செய்வது இல்லையா? அந்தப் பெண் பெரியவளாகி, தன் அப்பா அம்மாவைக் கொன்றது இவர்தான் என்று ஆயுசு பூராவும் அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மடியிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். அப்புறம், "பாப்பாவ நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார். இந்தத் தையல்காரரை நீ ஒருநாளும் மதித்ததில்லை. இனிமேல் பாப்பாவுக்கு இருக்கப்போவது அவரும் நீயும்தான். சண்டை போடாமல் இருங்கள்.

திங்கட்கிழமை வண்டியில் வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உன்னைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவேன். பயமாக இருக்கிறது அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது.

மூன்று நாளாகப் பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்கிறேன். புட்டியைத் தட்டிவிடுகிறாள். இவர் அடுத்த அறையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் அழுகிற சத்தம் கேட்டால் போதும், சட்டை முழுக்க நனைந்துவிடுகிறது. திங்கட்கிழமைக்குள் இது நின்றுவிடும் என்று நர்ஸ் சொல்கிறாள்.

சின்னவள்